பிளான் 300, பெட்ரூமில் 12: வைஃபை எங்கே சிக்குது?

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சில் வந்த திரும்பச் சொல்லல்களைக் குறைத்து, படிக்க வசதியாகத் தொகுத்திருக்கிறோம்.)

இந்த வாரம், நேயர்கள் ரொம்ப நாளா கேட்டுக்கிட்டிருந்த ஒரு விஷயம். வீட்டில் ரவுட்டர் இருக்கு. அதுவும் 2.4, 5 என இரண்டு பேண்டும் உள்ள ரவுட்டர். பிளானும் பெரிசுதான். ஆனா கதவைத் தாண்டி உள் ரூமுக்குப் போனா திரையில் வட்டம் சுத்துது. இதுக்கு என்ன பண்றது?

நம்மில் பலர் முதலில் செய்வது பிளானை ஏத்துறது. அதுதான் சுலபம், போனிலேயே முடிஞ்சிடும். ஆனா பெரும்பாலான வீடுகளில் பணம் போற இடம் ஒண்ணு, கோளாறு இருக்கிற இடம் வேற. இந்த எபிசோடு முழுக்க நாம் சொல்லப்போவது ஒரே விஷயம்தான்: எந்த இடத்தில் மெதுவாகுதுன்னு கண்டுபிடிக்காம எதையும் வாங்காதீங்க. கண்டுபிடிக்க 20 நிமிஷம் போதும். கருவி எதுவும் வேண்டாம்.

ஒரு நேயரின் மெயில்

வேளச்சேரியிலிருந்து ஒரு நேயர் எழுதியிருக்காங்க. மூணாவது மாடி, இரண்டு பெட்ரூம், வாடகை வீடு. வேலை தேடிக்கிட்டிருக்காங்க. ஒரு இன்டர்வியூவின் கடைசி ரவுண்டில் பாதி பேசிக்கிட்டிருக்கும்போது, ‘உங்க குரல் விட்டு விட்டு வருது, இன்னொரு நாள் பார்க்கலாம்’னு சொல்லி முடிச்சிட்டாங்களாம். அந்த இன்னொரு நாள் வரவே இல்லை. உடனே 100 எம்பிபிஎஸ் பிளானை 300 ஆக்கிட்டாங்க. மாசச் செலவு ஏறுச்சு. பெட்ரூமில் ஸ்பீட் டெஸ்ட் போட்டா, முன்னாடி வந்த அதே 12. இன்னும் பத்து நாளில் வேற ஒரு கம்பெனியின் இன்டர்வியூ இருக்கு. ‘ரவுட்டரை மாத்தவா, கம்பெனியை மாத்தவா, இல்லை வீட்டையே மாத்தவா?’ன்னு கேட்டிருக்காங்க.

மூணும் வேண்டாம். முதலில் அளக்கணும். வாங்க, எப்படின்னு பார்க்கலாம்.

மெதுவா இருக்கிறது எந்தக் கட்டம்?

நம்ம ஊர் தண்ணீர் கணக்கில் யோசிச்சுப் பாருங்க. தெருவிலிருந்து சம்ப்புக்குத் தண்ணீர் வரும். மோட்டார் போட்டால் மாடித் தொட்டிக்கு ஏறும். அங்கிருந்து பைப் வழியாகக் குழாய்க்கு வரும். பாத்ரூம் குழாயில் மட்டும் சொட்டுச் சொட்டா வந்தா, இன்னொரு லாரி தண்ணி சொல்லுவீங்களா? பைப்பைத்தானே பார்ப்பீங்க?

இன்டர்நெட்டும் அப்படித்தான். முதல் கட்டம், வெளியிலிருந்து உங்க ரவுட்டர் வரை: ஃபைபர், தெருப் பெட்டி, கம்பெனியின் நெட்வொர்க். இரண்டாவது கட்டம், ரவுட்டரிலிருந்து உங்க போன் வரை, அதாவது காற்று. மூன்றாவது, போன் அல்லது லேப்டாப்பே. நீங்க மாசாமாசம் பணம் கட்டுவது முதல் கட்டத்துக்கு மட்டும். வைஃபை என்பது இரண்டாவது கட்டம். முதலாவதை எவ்வளவு பெரிசாக்கினாலும் இரண்டாவது மாறாது.

சரி, இப்போ அளக்கலாம். முதல் சோதனை: லேப்டாப்பை லேன் கேபிளால் நேராக ரவுட்டரில் செருகுங்க. லேப்டாப்பின் வைஃபையை அணைச்சிடுங்க. டிவி, மற்ற போன்கள் எல்லாம் கொஞ்ச நேரம் சும்மா இருக்கட்டும். இப்போ ஸ்பீட் டெஸ்ட். கேபிள் இல்லையா? ரவுட்டரிலிருந்து இரண்டு மீட்டர் தள்ளி நின்று, 5 கிகாஹெர்ட்ஸில் போனை இணைச்சு எடுங்க. இரண்டாவது சோதனை: தொல்லை தரும் ரூமில் உட்கார்ந்து அதே டெஸ்ட்.

ரவுட்டர் பக்கத்திலேயே பிளானுக்குப் பாதிகூட வரலைன்னா, சிக்கல் முதல் கட்டத்தில் இருக்கலாம். பக்கத்தில் நல்லா வந்து, ரூமில் மட்டும் விழுந்தா, அது வைஃபை. எல்லா இடத்திலும் ஒரே ஒரு லேப்டாப் மட்டும் மெதுவா இருந்தா, அந்த லேப்டாப்பைத்தான் பார்க்கணும். இதே சோதனையைக் காலை ஒரு தடவை, இரவு ஒன்பது மணி வாக்கில் ஒரு தடவை எடுத்துக் குறிச்சு வெச்சுக்கோங்க. இரவில் மட்டும் விழுதா என்பது பிறகு உதவும்.

இங்கே ஒரு சின்னக் குழப்பத்தையும் தீர்த்துடலாம். பிளான் சொல்வது மெகாபிட் கணக்கு. டவுன்லோடு காட்டுவது பெரும்பாலும் மெகாபைட். எட்டு பிட் ஒரு பைட். அதனால் 100 எம்பிபிஎஸ் பிளானில் நொடிக்கு 12.5 மெகாபைட் இறங்கினால் அது முழு ஸ்பீடு. யாரும் ஏமாத்தலை.

மூன்றாவது சோதனைதான் எனக்கு ரொம்பப் பிடிச்சது: பிங். விண்டோஸில் கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து, பிங் என்று ஆங்கிலத்தில் தட்டி, ஓர் இடம் விட்டு, ரவுட்டரின் முகவரியைப் போடுங்க. அது பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1. லேப்டாப்பின் வைஃபை விவரங்களில் ‘கேட்வே’ என்று இருக்கும். இது லேப்டாப்பிலிருந்து ரவுட்டருக்குப் போய்த் திரும்ப எவ்வளவு நேரம் ஆகுதுன்னு காட்டும். நல்ல வைஃபையில் 10 மில்லிசெகண்டுக்குள் பெரிய ஏற்ற இறக்கம் இல்லாம நிற்கும். அடுத்து 8.8.8.8 என்ற கூகுள் முகவரிக்கு அதையே செய்யுங்க. ரவுட்டருக்கே 5, 7, 240, 9, 380 என்று குதிச்சா, குற்றவாளி வைஃபை. ரவுட்டருக்குச் சீராக வந்து, வெளியே போகும்போது மட்டும் குதிச்சா, கம்பெனியின் லைன்.

வேளச்சேரி நேயரிடம் இதைச் செய்யச் சொன்னோம். ரவுட்டர் பக்கத்தில் 270, பெட்ரூமில் 12. பெட்ரூமிலிருந்து ரவுட்டருக்கு பிங் 4-லிருந்து 380 வரை ஆடுது. ஆக, அவங்க கூடுதலாகக் கட்டிய பணம் முழுக்கக் கோளாறே இல்லாத கட்டத்துக்குப் போயிருக்கு.

2.4, 5: இரண்டில் எதை எடுக்கணும்?

உங்க ரவுட்டருக்குள் இரண்டு ரேடியோ இருக்கு. ஒன்று 2.4 கிகாஹெர்ட்ஸில் பேசும், இன்னொன்று 5 கிகாஹெர்ட்ஸில். ‘5 என்றால் ஐந்தாம் தலைமுறை’ன்னு சிலர் நினைக்கிறாங்க. இல்லை, போன் நெட்வொர்க்கின் 5ஜிக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை. இது அலைவரிசையின் எண் மட்டும்.

2.4-இன் அலைநீளம் சுமார் 12.5 சென்டிமீட்டர். 5-இன் அலைநீளம் சுமார் 6. சுவரைத் தாண்டும்போது 5 கிகாஹெர்ட்ஸ் அதிகமாக வலு இழக்கும்; திறந்த வெளியிலும் சீக்கிரமே மெலியும். அதனால் 2.4 தூரம் போகும், 5 வேகம் கொடுக்கும்.

வேகம் ஏன் வித்தியாசம்? இடம்தான். இந்தியாவில் லைசென்ஸ் இல்லாம பயன்படுத்த 2.4-இல் கிடைப்பது வெறும் 83.5 மெகாஹெர்ட்ஸ். 5-இல், 2018-இல் விரிவாக்கிய பிறகு, 605 மெகாஹெர்ட்ஸ். ஒன்று மாம்பலத்துச் சந்து, இன்னொன்று ஓஎம்ஆர். 5-இல் 80 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் ஒரு பாதையையே எடுத்துக்கலாம். 2.4-இல் 20-க்கு மேல் எடுத்தாலே பக்கத்து வீட்டு மேல் இடிக்கும்.

ரவுட்டர் அட்டைப் பெட்டியில் 1200ன்னு போட்டிருக்கும். அது 2.4-இன் 300-ஐயும் 5-இன் 867-ஐயும் கூட்டி, முழு எண்ணாக்கிய கணக்கு. பொதுவா ஒரு போன் ஒரு நேரத்தில் ஒரு பேண்டில்தான் இணையும். அதனால் எந்தப் போனுக்கும் 1200 கிடைக்காது. அந்த 867-கூட ரேடியோவின் உச்ச வேகம். பேசுறது, ஒப்புக்கறது, முறை வர்றதுக்குக் காத்திருக்கிறது எல்லாம் கழிச்சா, கையில் வருவது அதில் பாதிக்குக் கொஞ்சம் மேலே. இது கோளாறு இல்லை, வைஃபையின் இயல்பு.

அப்போ யாருக்கு எது? லேப்டாப், வீடியோ கால், டிவி, கேம் எல்லாம் 5. ஸ்மார்ட் பல்பு, ஸ்மார்ட் பிளக், பழைய போன், பால்கனி கேமரா இதெல்லாம் 2.4.

இன்னொரு சிக்கல்: பல ரவுட்டர்கள் இரண்டு பேண்டுக்கும் ஒரே பெயர் வெச்சிருக்கும். எதில் இணையணும்னு கடைசியில் முடிவு பண்ணுவது உங்க போன்தான். நீங்க பெட்ரூமுக்குள்ளே போனதும் அது 2.4-க்குத் தாவும், ஹாலுக்குத் திரும்பி வந்த பிறகும் சில போன்கள் அதையே பிடிச்சுக்கிட்டிருக்கும். அதனால் ஒரு வாரத்துக்காவது ரவுட்டர் செட்டிங்கில் இரண்டையும் பிரிச்சு வேறு வேறு பெயர் வெச்சுப் பாருங்க. எந்த ரூமில் எந்தப் பேண்ட் எவ்வளவு தருதுன்னு தெளிவாகத் தெரிஞ்சிடும்.

அபார்ட்மென்ட் என்றாலே கூட்டம்

போனில் வைஃபை லிஸ்டைத் திறந்து பாருங்க. உங்க வீட்டுப் பெயரோடு பக்கத்து வீடு, மேல் வீடு, எதிர் பிளாக் எல்லாம் வரும். அத்தனை பேரும் அந்த 83.5 மெகாஹெர்ட்ஸுக்குள்தான் உட்கார்ந்திருக்காங்க.

2.4-இல் 1 முதல் 13 வரை சேனல் எண்கள் இருக்கு. பார்க்க 13 இருக்கை மாதிரி தெரியும். உண்மையில் ஒவ்வொரு எண்ணுக்கும் இடையே 5 மெகாஹெர்ட்ஸ்தான். ஒரு ரவுட்டர் உட்கார 20 வேணும். அதனால் இடிக்காம உட்காரக்கூடிய இருக்கை மூணே மூணு: 1, 6, 11.

‘கூட்டம் இல்லாத 3-இல் போடலாமே’ன்னு தோணும். வேண்டாம். வைஃபைக்கு ஒரு பழக்கம் உண்டு: பேசும் முன் காது கொடுத்துக் கேட்கும். ஒரே சேனலில் இருக்கிற ரெண்டு வீட்டு ரவுட்டர்களும் ஒருத்தர் பேச்சு இன்னொருத்தருக்குப் புரிவதால், முறை வெச்சுப் பேசும். 3-இல் உட்கார்ந்தால் 1-இன் பேச்சும் 6-இன் பேச்சும் பாதி பாதியாகக் காதில் விழும். அது புரியாத சத்தம். சத்தத்தில் டேட்டா கெடும். கெட்டதைத் திரும்ப அனுப்பணும். அதுதான் உங்க 380 மில்லிசெகண்ட்.

ஆண்ட்ராய்டில் வைஃபை அனலைசர் வகை ஆப் ஒன்றைப் போட்டால், எந்தச் சேனலில் எத்தனை பேர், எவ்வளவு வலுவாக இருக்காங்கன்னு படமாகக் காட்டும். 1, 6, 11-இல் வலுவான அண்டை வீட்டு சிக்னல் குறைவாக இருக்கும் ஒன்றைத் தேர்ந்தெடுங்க. 2.4-இன் அகலத்தை 20-இலேயே வெச்சுடுங்க. 5-இல் 80 வைக்கலாம். பல ரவுட்டர்கள் 36-இல் போய் உட்கார்ந்திருக்கும். அங்கே கூட்டம் தெரிஞ்சா 149-ஐப் போட்டுப் பாருங்க. நடுவில் இருக்கும் 52 முதல் 144 வரை ரேடாரோடு பகிரும் இடம். அங்கே மாத்தினால் ரவுட்டர் ஒரு நிமிஷமாவது ரேடார் இருக்கான்னு கேட்டுட்டுத்தான் தொடங்கும். ‘5 காணாமப் போச்சே’ன்னு பயப்படாம காத்திருங்க.

கூட்டத்தில் வைஃபை அல்லாதவர்களும் உண்டு. மைக்ரோவேவ் அடுப்பு ஓடுவது 2.45 கிகாஹெர்ட்ஸில்; ப்ளூடூத்தும் அதே பேட்டையில்தான். லேப்டாப்பில் செருகிய யூஎஸ்பி 3 ஹார்ட் டிஸ்க்கும் கேபிளும்கூட 2.4-இல் இரைச்சல் கிளப்பும். இதிலிருந்து தப்பிக்கவும் வழி 5-க்கு மாறுவதுதான்.

ரவுட்டரை எங்கே வெச்சிருக்கீங்க?

ஃபைபர் போட வந்தவர், கேபிள் உள்ளே வந்த இடத்திலேயே பெட்டியை மாட்டிட்டுப் போயிருப்பார். வாசல் கதவுக்கு மேல், பரண் மேல், டிவிக்குப் பின்னால், செருப்பு ஸ்டாண்டுக்குள். அதாவது வீட்டின் ஒரு மூலையில். சிக்னலில் பாதி படிக்கட்டுக்குப் போகுது.

நம்ம வீடுகளில் வைஃபைக்கு மூணு எதிரிகள். ஒன்று, கம்பி வெச்ச கான்கிரீட்: தூண், பீம், மாடித் தளம். இரண்டு, இரும்பு: பீரோ, பிரிட்ஜ், கண்ணாடிக்குப் பின்னாலிருக்கும் உலோகப் பூச்சு. மூணு, தண்ணீர்: மீன் தொட்டி, பிளாஸ்டிக் டிரம். ரவுட்டருக்கும் உங்க மேஜைக்கும் நடுவே நேர்கோடு ஒன்று போட்டுப் பாருங்க. அந்தக் கோடு பீரோவுக்குள்ளே போனால், பீரோவை நகர்த்துங்க அல்லது ரவுட்டரை நகர்த்துங்க.

கோணமும் முக்கியம். ஒன்பது இன்ச் செங்கல் சுவரை நேராகத் தாண்டினால் ஒன்பது இன்ச். சுவரை ஒட்டியபடி 30 டிகிரியில் சாய்வாகத் தாண்டினால், சிக்னல் கடக்க வேண்டியது 18 இன்ச். ரவுட்டரை ஒரு மீட்டர் தள்ளி வெச்சதும் உள் ரூமில் சிக்னல் உயிர் பெறுவது இதனால்தான்.

ஆன்டெனா நேராக நின்றால் அலை பக்கவாட்டில் பரவும், மேலேயும் கீழேயும் குறைவாகப் போகும். ஒரே தளம் என்றால் நேராக நிறுத்துங்க. மேல் மாடிக்கும் வேணும்னா ஒன்றை மட்டும் படுக்க வையுங்க.

எவ்வளவு சிக்னல் போதும்? அதே அனலைசர் ஆப் மைனஸ் கணக்கில் ஓர் எண் காட்டும். −50 அருமை. −67 வரை வீடியோ காலுக்குத் தாங்கும். −75-ஐத் தாண்டினால் தள்ளாடும். மூணு புள்ளி குறைஞ்சா வலு பாதியாகுதுன்னு அர்த்தம். ரவுட்டரை நகர்த்தி நகர்த்தி, மேஜையில் இந்த எண்ணைப் பாருங்க. கோடுகளை நம்பாதீங்க, ஒவ்வொரு போனும் ஒவ்வொரு விதமாகக் கோடு போடும்.

95-க்கு மேல் ஏறவே மாட்டேங்குதா?

சிலர் எழுதுவது: ‘200 பிளான், ரவுட்டர் பக்கத்திலேயே எடுத்தாலும் 94, 95தான்.’ அந்த எண்ணைப் பார்த்ததுமே காரணத்தை ஊகிச்சிடலாம். எங்கேயோ ஒரு 100 எம்பிபிஎஸ் போர்ட் நடுவில் இருக்கு. விலை குறைந்த டூயல் பேண்ட் ரவுட்டர்கள் பலவற்றில் வைஃபை 867ன்னு போட்டிருந்தாலும், பின்னாலிருக்கும் போர்ட் 100-தான். அகலமான ரோட்டுக்கு ஒற்றையடிப் பாதையில் நுழைவது மாதிரி. கையேட்டில் ‘10/100’ என்று இருந்தால் அதுதான். ‘10/100/1000’ இருக்கணும்.

போர்ட் சரியாக இருந்தும் 95 வந்தால் கேபிளைப் பாருங்க. கிகாபிட்டுக்கு உள்ளே இருக்கும் எட்டு ஒயரும் வேணும். நாலு ஒயர் மட்டும் இணைச்ச கேபிளும், ஒரு முனை நசுங்கிய கேபிளும் சத்தமில்லாம 100-க்கு இறங்கிடும். கேபிள் மாத்தினால் வேலை முடிஞ்சது.

ஸ்பீடு சரியாக 54-க்குக் கீழே சிக்கினால் பாதுகாப்பு செட்டிங்கைப் பாருங்க. பழைய டபிள்யூஇபி அல்லது டிகேஐபி முறையில் இருந்தால் புது வேகங்கள் திறக்காது. டபிள்யூபிஏ2 ஏஇஎஸ் அல்லது டபிள்யூபிஏ3 வெச்சிடுங்க.

ஸ்பீடு இருக்கு, குரல் மட்டும் உடையுது

இப்போ இன்டர்வியூவுக்கு வருவோம். ஒரு வீடியோ காலுக்கு 3, 4 எம்பிபிஎஸ் போதும். 4கே படத்துக்கே 25 போதும். அப்படின்னா பெட்ரூமில் வந்த 12-இல் கால் நல்லாவே போயிருக்கணும். ஏன் போகலை?

ஏன்னா காலுக்கு முக்கியம் வேகம் இல்லை, சீர். படம் பார்க்கும்போது ஆப் முன்கூட்டியே கொஞ்சம் இறக்கி வெச்சுக்கும். நடுவில் தடுமாறினாலும் உங்களுக்குத் தெரியாது. நேரில் பேசும் பேச்சை முன்கூட்டியே இறக்க முடியாது. ஒரு துண்டு 5 மில்லிசெகண்டில் வந்து, அடுத்தது 380-இல் வந்தால், அந்த இரண்டாவது துண்டைத் தூக்கிப் போட்டுட்டு ஆப் அடுத்ததுக்குப் போகும். அதுதான் ‘குரல் விட்டு விட்டு வருது’. ஸ்பீட் டெஸ்ட் சராசரியைத்தான் பெரிசாகக் காட்டும், இந்தத் துள்ளலை அவ்வளவாகக் காட்டாது. 300 பிளான் வாங்கியும் கால் சரியாகாத மர்மம் இங்கேதான்.

இன்னொரு வழியிலும் இது நடக்கும். நீங்க பேசிக்கிட்டிருக்கும்போது அப்பாவின் போன் கல்யாண வீடியோக்களை கிளவுடில் ஏத்திக்கிட்டிருக்கும். அப்லோடு முழுக்க நிரம்பினால், உங்க குரல் அந்த வரிசையின் கடைசியில் நிற்கும். முக்கியமான காலுக்கு முன் வீட்டில் எல்லார் போனிலும் போட்டோ பேக்கப்பை நிறுத்தி வையுங்க. ரவுட்டரில் கியூஓஎஸ் என்ற செட்டிங் இருந்தால், உங்க லேப்டாப்புக்கு முன்னுரிமை கொடுங்க.

ஒரே ஒரு பழைய போனும் எல்லாரையும் இழுத்துப் பிடிக்கலாம். காற்று எல்லாருக்கும் பொது. ஒரு பேண்டில் ஒரு நேரத்தில் ஒருத்தர்தான் பேச முடியும். பால்கனி மூலையில் சிக்னல் இல்லாம இருக்கும் போன் மெதுவா மெதுவா பேசி முடிக்கிற வரை, வேகமாகப் பேசக்கூடிய லேப்டாப்பும் காத்திருக்கும். அதை 2.4-க்கு அனுப்பச் சொன்னது இதுக்காகத்தான்.

காசு செலவு பண்ணும் முன்

இடம் மாத்தி, சேனல் மாத்தி, பேண்ட் பிரிச்சும் ஒரு ரூமுக்கு எட்டலையா? இப்போ செலவு பண்ணலாம். ஆனா வரிசையா.

முதல் தேர்வு கேபிள். தட்டையான லேன் கேபிள் கிடைக்கும். கதவுக்கு அடியிலேயே நுழையும், சுவரில் ஓட்டை போட வேண்டாம், வீட்டு ஓனர் கோபிக்க மாட்டார். லேன் கேபிள் 100 மீட்டர் வரை தாங்கும். லேப்டாப்பில் போர்ட் இல்லைன்னா யூஎஸ்பி லேன் அடாப்டர். வேளச்சேரி நேயர் இதைத்தான் செய்தாங்க. ஹாலிலிருந்து பெட்ரூம் மேஜை வரை 15 மீட்டர். ரவுட்டருக்கு பிங் இப்போ 1 மில்லிசெகண்டில் நிற்குதாம். இன்டர்வியூவைக் கேபிளில்தான் எடுக்கப்போறாங்க. பிளானையும் திரும்ப 100-க்கே மாத்திட்டாங்க.

இரண்டாவது, பழைய ரவுட்டர். பரணில் ஒன்று தூங்கிக்கிட்டிருக்கும். அதை ஆக்சஸ் பாயின்ட் ஆக்கலாம். அதன் முகவரியை 192.168.1.2 மாதிரி, மெயின் ரவுட்டரோடு மோதாத ஒன்றாக மாத்துங்க. அதில் டிஎச்சிபியை அணையுங்க. மெயின் ரவுட்டரின் லேன் போர்ட்டிலிருந்து இதன் லேன் போர்ட்டுக்குக் கேபிள். அதே பெயர், அதே பாஸ்வேர்டு, வேறு சேனல். அவ்வளவுதான்.

மூன்றாவது, மெஷ். கேபிளே இழுக்க முடியாத பெரிய வீட்டுக்கு நல்லது. கடைசி, ரிப்பீட்டர். ஒரே ரேடியோவில் கேட்டு, அதே ரேடியோவில் திரும்பச் சொல்லும் மலிவான ரிப்பீட்டர் வேகத்தைப் பாதியாக்கும். வாங்கினால் டூயல் பேண்டாக வாங்குங்க. சிக்னல் இல்லாத ரூமில் வைக்காதீங்க. கேட்காத காதால் எதைத் திரும்பச் சொல்ல முடியும்? பாதி வழியில் வையுங்க.

கம்பெனிக்கு போன் பண்ணும்போது

சோதனையில் முதல் கட்டம்தான் குற்றவாளின்னு வந்தால், ‘நெட் ஸ்லோ’ன்னு மட்டும் சொல்லாதீங்க. ரீஸ்டார்ட் பண்ணச் சொல்லி வெச்சிடுவாங்க. ‘கேபிளில் எடுத்தேன், காலை இவ்வளவு, இரவு ஒன்பது மணிக்கு இவ்வளவு, ரவுட்டருக்கு பிங் சீராக இருக்கு, வெளியே குதிக்குது’ன்னு சொல்லுங்க. தெருவில் ஒரு ஃபைபர் இழை பொதுவாக 32 அல்லது 64 வீடுகளுக்குப் பிரியும். இரவில் மட்டும் விழுந்தால், கூட்டம் அவங்க பக்கம். அதை உங்க ரவுட்டரில் சரிசெய்ய முடியாது.

ஃபைபர் பெட்டியின் செட்டிங் பக்கத்தில் ‘ஆர்எக்ஸ் பவர்’ என்று ஒரு மைனஸ் எண் இருக்கும். அது −27-ஐ நெருங்கினால் ஒளி மங்கலாக வருதுன்னு அர்த்தம். கதவிடுக்கில் நசுங்கிய, மூலையில் கூர்மையாக மடிஞ்ச கேபிள் காரணமாக இருக்கலாம். சிவப்பு விளக்கு எரிஞ்சா ஒளியே வரலை. அந்த முனையைக் கழற்றிக் கண்ணால் உற்றுப் பார்க்காதீங்க. அதில் வருவது கண்ணுக்குத் தெரியாத லேசர்.

இன்னொரு எச்சரிக்கை: பின்னாலிருக்கும் சின்ன ஓட்டையில் ஊசியை விட்டு ரீசெட் பண்ணாதீங்க. ரீஸ்டார்ட் வேறு, ரீசெட் வேறு. ரீசெட்டில் கம்பெனி போட்டு வெச்ச லாகின் எல்லாம் அழிஞ்சு, ஆள் வரும் வரை நெட்டே இருக்காமல் போகலாம்.

நேயர் கேள்விகள்

‘ரவுட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணினா ஏன் சரியாகுது?’ நினைவகம் காலியாகும். சேனல் ஆட்டோவில் இருந்தால் புதுசாகத் தேர்ந்தெடுக்கும். வாரத்துக்கு ஒருமுறை தேவைப்பட்டால் பரவாயில்லை. தினமும் தேவைப்பட்டால் தொட்டுப் பாருங்க. சூடாக இருந்தால் காற்றோட்டமான இடத்துக்கு மாத்துங்க.

‘ஸ்மார்ட் பல்பு இணையவே மாட்டேங்குது.’ அதற்கு 2.4 மட்டும்தான் தெரியும். பேண்டைப் பிரிச்சு, போனையும் 2.4-இல் வெச்சு இணையுங்க.

‘பக்கத்து வீட்டுக்காரர் நம்ம வைஃபையைப் பயன்படுத்துறாரோ?’ ரவுட்டர் பக்கத்தில் இணைந்திருக்கும் கருவிகளின் பட்டியல் இருக்கும். எண்ணிக்கை கூடுதலாக இருந்தால் பாஸ்வேர்டை மாத்துங்க. சண்டை வேண்டாம்.

இன்று இரவே செய்யக்கூடியது

சுருக்கமா வரிசை இதுதான். ஒன்று, கேபிளில் ஒரு டெஸ்ட், ரூமில் ஒரு டெஸ்ட், ரவுட்டருக்கு ஒரு பிங். இரண்டு, ரவுட்டரை மூலையிலிருந்து எடுத்து, நடுவில், உயரமாக, திறந்த இடத்தில். மூணு, பேண்டைப் பிரிச்சு, லேப்டாப்பை 5-இல். நாலு, 2.4-ஐ 1, 6, 11-இல் ஒன்றில், அகலம் 20. ஐந்து, நகராத எல்லாவற்றுக்கும், டிவியோ மேஜை லேப்டாப்போ, கேபிள். இவ்வளவும் செஞ்சு, கேபிள் டெஸ்டிலேயே போதாமல் இருந்தால் மட்டும் பிளானை ஏத்துங்க.

உங்க வீட்டு எண்களை எழுதி அனுப்புங்க: பிளான் எவ்வளவு, கேபிளில் எவ்வளவு, ரூமில் எவ்வளவு, பிங் எவ்வளவு. இந்த நாலும் இருந்தா, எங்கே சிக்குதுன்னு சேர்ந்தே கண்டுபிடிக்கலாம். அடுத்த எபிசோடில் சந்திக்கலாம்.